பேச்சு போகலையே, அது போதும்!

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பக்கம்?" இரண்டாவது, "பேச்சு இருக்கா?" இடது கையும் காலும்தான் விழுந்தது, பேச்சு நன்றாக வருகிறது என்றால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையோ, ராஜா முத்தையா என்ற பெயர் போய் அரசுக் கல்லூரியாகிவிட்ட சிதம்பரம் மருத்துவமனையோ, எங்கே போனாலும் இதே ஆறுதல்தான்.

ஆறுதலில் நியாயமும் இருக்கிறது. உடம்பின் இடது பக்கத்தை ஆள்வது மூளையின் வலது பாதி. பேச்சோ பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பாதியில் இருக்கிறது. 1860களில் பாரிஸில் பால் புரோக்கா காட்டிக்கொடுத்த உண்மை இது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கு இடிக்க ஆரம்பிக்கும்.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு பாத்திரக்கடை முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது மூளையில் அடைப்பு. சில மாதங்களில் தேறி, கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். பேச்சில் ஒரு பிசகும் இல்லை. குடம் வாங்க வந்த அம்மா, "கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே" என்கிறார். இவர் பில்லை இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "சரியாத்தாம்மா போட்டிருக்கேன்" என்கிறார். பாக்கிக்காரர் போனில் "அடுத்த வாரம் பாக்கலாம்ணே" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். இவரோ அதை வாக்காக எடுத்துக்கொண்டு, கடலூர் முதுநகரில் சரக்குக்குச் சொல்லிவிடுகிறார். "ரொம்ப நல்லாருக்குங்க நீங்க பண்றது" என்று மனைவி பொருமினால், பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டுகிறார். வியாதிக்கு அப்புறம் மனுஷனுக்கு வீம்பு ஏறிவிட்டது என்பது வீட்டின் தீர்ப்பு.

வீம்பு இல்லை. வார்த்தை காதில் விழுகிறது, அதற்குப் பின்னால் இருப்பது விழவில்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் எலன் வின்னரும் ஹோவர்ட் கார்ட்னரும். 1977ல் வந்த அவர்களுடைய ஆய்வில் ஒரு சொற்றொடரைச் சொல்லி, நான்கு படங்களில் எது பொருத்தம் என்று கேட்டார்கள். நம் ஊருக்கு மாற்றிச் சொன்னால், "அவனுக்குக் கை நீளம்" என்றதும் ஒரு படத்தில் திருடன், இன்னொன்றில் முழங்காலுக்குக் கீழே கை தொங்கும் ஆள். வலது மூளை பாதித்தவர்களில் பலர் நேர்ப்பொருள் படத்தைத்தான் காட்டினார்கள். வாயால் கேட்டால் சரியான அர்த்தம் சொன்னார்கள் என்பதுதான் வேடிக்கை! பேச்சு குழறிப்போன இடது மூளை நோயாளிகளோ சரியான படத்தைக் காட்டியதோடு, அந்த நேர்ப்பொருள் படத்தைப் பார்த்துச் சிரித்தும் விட்டார்கள்.

குரலும் அப்படித்தான். "வாங்க" என்ற ஒரே சொல் வரவேற்பாகவும் இருக்கும், "இப்பத்தான் நேரம் கிடைச்சுதா" என்ற குத்தலாகவும் இருக்கும். அந்த ராகத்தைப் பிடிப்பதில் வலது பாதிக்குப் பெரிய பங்கு உண்டு என்று எலியட் ராஸ் 1981ல் எழுதினார். அதற்காக உவமை, கேலி எல்லாமே வலது மூளையின் சொத்து என்று பட்டா போட்டுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்ந்து உழைப்பதைத்தான் பின்னால் வந்த மூளைப் படங்கள் காட்டுகின்றன. வலது பக்கம் அடிபட்ட எல்லோருக்கும் இப்படி ஆவதும் இல்லை.

மருத்துவமனையில் இது ஏன் தெரியவில்லை? பக்கவாதத்தின் கடுமையை அளக்க உலகமெங்கும் பயன்படும் என்.ஐ.ஹெச். அளவுகோலில் மொத்தம் 42 புள்ளிகள். அதில் மொழியைத் தொடுபவை 7. வலது மூளைக்கே உரிய, இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடும் கோளாறுக்கு 2. கிண்டல் புரிகிறதா என்பதற்கு ஒன்றுமே கிடையாது. தேர்வில் வராத பாடத்தை யார் நடத்துவார்கள்?

நோயாளி தானாகச் சொல்வார் என்று காத்திருக்கவும் முடியாது. சென்னை ஸ்டான்லியில் படித்து சான் டியாகோவில் ஆராய்ச்சி செய்த வி.எஸ். ராமச்சந்திரன், செயலிழந்த இடது கையை "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சாதிக்கும் நோயாளிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். கை விழுந்ததே தெரியாதவருக்கு, கேலி புரியாமல் போனது எப்படித் தெரியும்?

ஆகவே வேலை வீட்டாருடையதுதான். ஜாடை வேண்டாம், குத்தல் வேண்டாம். "அந்தம்மா விலை குறைக்கச் சொல்றாங்க, பத்து ரூபா குறைங்க" என்று நேராகச் சொன்னால் அவர் குறைத்துவிடுவார். "எனக்குக் கோவமா இருக்குங்க" என்று மனைவி வாய்விட்டுச் சொல்லலாம். பழக்கமில்லாதவர்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "பேச்சு வருது, ஆனா பேசறது புரியலை" என்று இந்தக் குடக் கதை, பாக்கிக் கதையெல்லாம் சொல்லி, பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். "அதான் நல்லாப் பேசறாரே" என்று அவரும் சொன்னால், இன்னொரு முறை கேட்க வேண்டும்.