கோட்டுக்கு வெளியே

பிள்ளையார்பாளையத்துப் பையன். பதினைந்து வயதுக்குள்தான் இருக்கும். பந்து காலுக்கு வந்துவிட்டால் இரண்டு பேரையாவது ஏமாற்றித் தாண்டாமல் விடமாட்டான். இன்று மூன்றாவது ஆளையும் தாண்டப் போய்ப் பந்தைப் பறிகொடுத்தான். எதிர்ப்பக்கத்துப் பையன்கள் அதை எடுத்துப் போய் கோல் போட்டார்கள். கோச் விசில் ஊதினார். திட்டவில்லை. விரலை மடக்கி அவனை வெளியே கூப்பிட்டார்.

"பத்து நிமிஷம் இங்க நில்லு. பந்தப் பாக்காத. பந்து இல்லாத பசங்களப் பாரு."

பையனின் முகம் தொங்கிப்போயிற்று.

மைதானத்தின் பெரும்பகுதி கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. ஒதுங்கிய மூலையில்தான் இவர்கள் ஆடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் கால்பந்துக்குக் கிடைத்திருப்பது அவ்வளவுதான். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். மாலை நேரங்களில் இங்கே வந்து உட்காருவது என் வழக்கம். கோச்சோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருகாலத்தில் ஏதோ டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆடியவர் என்று, பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அப்பாக்கள் பேசிக்கொள்வார்கள். இடது முழங்காலை மடக்கும்போது சற்றுத் தயங்குகிறார். பந்து உருண்டு அவர் பக்கம் வந்தால் உள்ளங்காலால் அமர்த்தி, அருகில் நிற்கும் பையனுக்குத் தள்ளிவிடுகிறார். அந்த அமர்த்தலிலேயே பழைய ஆட்டக்காரர் தெரிகிறார். ஆனால் ஒரு தடவைகூட அவர் பந்தைத் தூக்கித் தட்டி வித்தை காட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் கால்களை அடக்கி வைத்திருப்பதற்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

"நான் நல்லாத்தான சார் ஆடுறேன்?"

"ஆடுற. காலித் ஜமீல் தெரியுமா?"

"இந்தியா கோச் சார்."

"அவரு ஆடுனது தெரியுமா?"

பையன் உதட்டைப் பிதுக்கினான். கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமலேயே கோச் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினார். பாதி என் காதில் விழுந்தது. மீதி எனக்குத் தெரிந்ததுதான்.

காலித் ஜமீல் 1977-ல் குவைத்தில் பிறந்தவர். சிறுவனாக அங்கே ஒரு பயிற்சி முகாமில் பிரான்சின் மிஷேல் பிளாட்டினியைச் சந்தித்திருக்கிறார். வளைகுடாப் போரை ஒட்டிக் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. நடுக்களத்தில் ஆடுகிறவர். மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா என்று மும்பையிலேயே ஆட்ட வாழ்க்கை கழிந்தது. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் கூப்பிட்டபோது, மதுபானக் கம்பெனியின் பெயரை மார்பில் சுமக்க மாட்டேன் என்று அவர் போகவில்லை என்பார்கள். இந்திய அணிக்கும் ஆடினார். பிறகு காயம் மேல் காயம். கடைசியில் மும்பை எஃப்சி-க்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆட உடம்பு இடம்கொடுக்கவில்லை. 2009-ல் அதே கிளப்புக்குக் கோச் ஆனார்.

அடுத்து வந்த ஏழு பருவங்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. கையில் காசு குறைந்த கிளப். கோப்பை எதுவும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் அணியைக் காப்பாற்றினார். கரையைத் தனியாகக் கோர்த்து நெய்யும் கோர்வை நெசவில், முன்பெல்லாம் நெய்கிறவருக்கு எதிர் ஓரத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ளிக்கொடுப்பான்; புடவை விரியும்போது அவன் கை யார் கண்ணுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட உழைப்பு அது. 2016-ல் கிளப் அவரை அனுப்பிவிட்டது.

அவர் மிசோரமுக்குப் போனார். ஐஸ்வால் எஃப்சி அந்த வருஷம்தான் ஐ-லீக்கிலிருந்து இறங்கியிருந்தது. கோவா கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. 2017 ஏப்ரல் 22 அன்று, ஐஸ்வாலில், மோகன் பகானுக்கு எதிராக ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது சோமிங்லியானா ரால்ட்டே தலையால் முட்டிய பந்து கோலானது. 1-0. எட்டு நாள் கழித்து ஷில்லாங்கில் கடைசி ஆட்டம். லாஜோங் முதலில் கோல் போட்டது. அதே நேரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகான் நம் சென்னை சிட்டியோடு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது. ஐஸ்வால் தோற்றிருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 67-வது நிமிஷம் வில்லியம் லால்னுன்ஃபேலா சமன் செய்தார். ஐஸ்வால் 37 புள்ளி, மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து இந்தியாவின் முதல் நிலை லீக்கை வென்ற முதல் கிளப். அவரை அனுப்பிய மும்பை எஃப்சி அதே பருவத்தில் கடைசி இடம்.

"ஒரே ஒரு பாயின்ட் சார்!" என்றான் பையன்.

"ஏழு வருஷமும் சேத்துக்கோ" என்றார் கோச்.

பின்னாளில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் கோச்சாகப் போனார். 2021-ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அரையிறுதிக்குக் கொண்டுபோனார். இந்தியக் கோச் ஒருவர் அங்கே அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் தடவை. ஜம்ஷெட்பூரிலும் அதையே செய்தார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பொறுப்பு வந்தது. மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். ஆனால் அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி. ஆசியக் கோப்பைக் கனவு அங்கே முடிந்தது.

சிங்கப்பூர் என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வந்தார். வரதராஜு சுந்தரமூர்த்தி. அப்பா பெயர் சின்னக் காஞ்சிபுரத்துப் பெருமாள் பெயர். மகன் பெயர், போன கண்களில் ஒன்றை இங்கே ஏகம்பத்தில் திரும்பப் பெற்ற நாயனார் பெயர். 1965-ல் பிறந்த இந்தச் சிங்கப்பூர்த் தமிழர் களத்தில் பந்தோடு செய்த ஜாலத்துக்காக 'டாஸ்லர்' என்று பட்டம் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் வரை போய் ஆடியவர். கோச்சாக லயன்ஸ் டுவெல்வ் அணியை எடுத்தார். சிங்கப்பூர் வீரர்களை மட்டுமே கொண்ட அணி அது. இளம் பையன்கள் நிறைய. மலேசிய லீக்கில் 2012-ல் இரண்டாம் இடம். 2013 ஜூலை 2 அன்று ஜாலான் புசார் மைதானத்தில் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று வீழ்த்திப் பட்டம் வென்றார்கள். 2016-ல் சிங்கப்பூர் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. கிளப்பில் கிடைத்த வெற்றி அங்கே அவரோடு வரவில்லை. 2018-ல் விலகிவிட்டார்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. கிளப்பில் கோச்சுக்குப் பையன்கள் தினமும் கிடைக்கிறார்கள். யார் இரவு தூங்கவில்லை, யாருக்குப் பாஸ் கொடுக்க மனசில்லை என்பதெல்லாம் நாள்பட நாள்படத்தான் கண்ணுக்குப் பிடிபடும். தேசிய அணியில் சில நாள் முகாம், உடனே ஆட்டம். பார்ப்பதற்கு நேரமே இல்லை.

இந்த மூலைக்கு ஐஎஸ்எல் வரப்போவதில்லை. இங்கே ஆடும் பையன்களில் பலர் சீக்கிரமே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். தறி அவர்களுக்கு வேண்டாம் என்று அப்பாக்களே சொல்கிறார்கள். ஆனாலும் இந்த மனிதர் தினமும் வந்து நிற்கிறார். ஒவ்வொருவன் ஓடும் விதமும் அவருக்குத் தெரியும். அது வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

பையனின் தொங்கிய முகம் எப்போது நிமிர்ந்ததென்று நான் கவனிக்கவில்லை. கழுத்தை நீட்டி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நம்ம லெஃப்ட் பேக் மேல ஏறிப் போனா திரும்பி வரவே நேரமாவுது. அந்த எடம் காலியாவே கெடக்குது. அங்கதான் கோல் வாங்குறோம்."

"அத யாரு மூடணும்?"

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"நான்தான் சார்." சொல்லிக்கொண்டே உள்ளே ஓடக் காலை எடுத்துவைத்தான்.

கோச் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாரு. அந்தப் பக்கம் ரைட் பேக்கும் எதையோ தப்பாப் பண்றான்."