குட்டியானையில் வேளாங்கண்ணி வழியே

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதற்காக நாள்கணக்கில் நடந்தே வேளாங்கண்ணி போகிற காவி உடைக்காரர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், நண்பர்களே. போன வருஷம் அவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்ட முகாமில் தொண்டு செய்ய அப்பாவும் நானும் போனோம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். இது அம்மாவின் வேண்டுதல். அப்பாவின் குட்டியானைதான் வண்டி, வீடு, அடுப்படி எல்லாம். பின்னால் பாய், கேஸ் அடுப்பு, மேலே தார்ப்பாய். (எங்கள் வீட்டைவிடக் காற்றோட்டம் அதிகம்!)

தரங்கம்பாடிப் பக்கம் முகாம். மணல் பூமி. ஜெனரேட்டர் வந்தது, எர்த் போட ஆளில்லை. இரும்புக் கம்பத்தில் டியூப்லைட், கீழே ஈரக் காலோடு சனம்! குழி வெட்டி, ராடு இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, ஜெனரேட்டருக்கும் கம்பங்களுக்கும் கம்பி இழுத்துக் கட்டினேன். காய்ந்த மணலில் மின்தடை அதிகம், ஈரம் இருந்தால்தான் எர்த் பிடிக்கும். நம்ம பாடம்தான்.

பந்தல்காரப் பெரியவர், "தம்பி என்ன பண்ணுது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அப்பா சொன்னார்: "எம் மவன்ங்க. கரண்ட்டுக்குப் படிக்கிறான்."

அன்று ராத்திரி மூன்று தடவை எழுந்து அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். என்னை எழுப்பவே இல்லை.