சிறு செங்கற் கோட்டை

டென்மார்க் நாட்டிலே பில்லுண்டு என்னும் சிற்றூரில் தச்சுத் தொழில் செய்தவர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன். 1932-ஆம் ஆண்டில் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கிய அவரது பட்டறையே லெகோ எனப் பெயர் பெற்றது. 1949-இல் அங்குத் தோன்றிய பிளாஸ்டிக் செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தனவேயன்றி இறுகப் பற்றவில்லை. கை பட்டால் வீடு குலைந்தது. 1958-இல் அக்குறை நீங்கிற்று. கீழ்க்கல்லின் குமிழ்களை மேற்கல்லின் உட்குழாய்கள் கவ்விக்கொண்டன. அன்று செய்த கல்லோடு இன்று செய்யும் கல்லும் பொருந்தும். அதனாலன்றோ பிள்ளைப் பருவத்துப் பெட்டியை நரை தோன்றிய பின்னும் சிலர் திறக்கின்றனர்! எட்டுக் குமிழுடைய ஒரே நிறக் கற்கள் ஆறினை 91,51,03,765 வகையாக இணைக்கலாமாம். ஓர் ஆயுள் போதுமா?

அவர்கள் கோட்டையும் கப்பலும் கட்டிக் கண்ணாடிப் பேழையில் வைப்பர். வெயில் பட்டால் வெண்ணிறக் கற்கள் மஞ்சளிக்கும். ஆதலின் சாளரத்தருகே வையார். பேழை நிறைந்ததும் துன்பம் தொடங்கும். புதியது கட்டப் பழையதைக் கலைத்தல் வேண்டும். பல திங்கள் உழைத்துக் கட்டியதைப் பிரிக்க யாருக்குத்தான் மனம் வரும்? விலை ஏறுமென்று பெட்டியையே திறவாமல் அடுக்கி வைப்போரும் உளர். அவரைக் கலைஞர் என்பதினும் காவலர் என்பதே பொருந்தும். கட்டுவதில் இன்பம் கண்டவரோ ஒருநாள் அமர்ந்து கோட்டையின் கொடியை முதலில் எடுக்கின்றனர், பின்பு மதில், பின்பு வாயில். கற்கள் நிறம் நிறமாகத் தட்டுகளில் விழுகின்றன.