குளம் எங்க டீச்சர்?

பாளையங்கோட்டைத் தெருக்களில் வருஷந்தோறும் ஒரு பருவம் உண்டு. ஒரே நிறச் சேலை, கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் சுருட்டிய சார்ட்டோடு பி.எட். பிள்ளைகள் காலையிலேயே பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். ஊருக்கு இது பழக்கமான காட்சி. இந்தியாவுக்கே வராத இங்கிலாந்துக்காரி சாராள் தக்கரின் பெயரில் பெண் ஆசிரியர்களைப் பழக்கிய ஊர் இது. சேவியர், இக்னேஷியஸ் கல்வியியல் கல்லூரிகளும் இங்கேதான். 2014 விதிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டு வருஷமாகிவிட்டது, அதில் 20 வாரம் பள்ளியிலேயே கழிய வேண்டும்.

எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவு, இரண்டாம் பிரியடு. கடைசி பெஞ்சில் கைடு டீச்சர். அவருக்கு அடுத்து நான். பாடம் நீரியல் சுழற்சி.

சார்ட் அழகாக இருந்தது. கடலிலிருந்து நீல அம்பு மேலே போகிறது, மேகமாகிறது, மலையில் பொழிகிறது, ஆறாக இறங்கி மறுபடி கடலுக்கே போகிறது. ஆவியாதலில் தொடங்கி நீர் வழிந்தோடல் வரை எல்லாச் சொல்லும் சிவப்பு ஸ்கெட்சில். பாடம் எடுத்த பி.எட். பெண் மனப்பாடமாகச் சொல்லவில்லை, நன்றாகவே சொன்னாள். குரல் கடைசி வரிசைவரை எட்டியது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், இந்தப் படத்துல குளம் எங்க?"

"குளமா?"

"ஆமா டீச்சர். வெள்ளத்துக்கு எங்க வீட்டுக்குள்ள வந்தது ஆத்துத் தண்ணி இல்ல. குளத்துத் தண்ணி."

வகுப்பு சிரித்தது. "அத கடைசில பாப்போம், உக்காரு" என்றாள். கடைசியில் மணி அடித்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18-ஐத்தான் அவன் சொன்னான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அப்போது இவர்கள் ஆறாம் வகுப்பு. ஆறும் பெருகியது, குளங்களும் உடைந்தன. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் மழைத்தண்ணீர் சார்ட்டில் உள்ளதுபோல நேரே கடலுக்குப் போவதில்லை. வழியில் 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். குளத்துக்குள் கட்டிய புது பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டு வேய்ந்தான்குளம் எங்கே என்று கேட்டால் தெரியும், பையன் கேட்டது குறும்புக் கேள்வி இல்லை என்று.

ஆசிரியர் அறையில் அவள் ரெக்கார்டைத் திறந்தாள். அந்த ரெக்கார்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீனியர்களிடமிருந்து கைமாறி வருபவை அவை. எந்த ஆண்டின் ரெக்கார்டைப் புரட்டினாலும் எல்லாப் பாடத்திலும் எல்லா நோக்கங்களும் நிறைவேறியிருக்கும். 'ரெஃப்லெக்டிவ் ஜர்னல்' என்று தனியாக ஒன்றும் எழுத வேண்டும். அதற்கும் மார்க் உண்டு. மார்க் உண்டென்றால் யார் தன் தடுமாற்றத்தை எழுதுவார்? 1983-ல் டொனால்ட் ஷான் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கட்டிடக் கலைஞர்களும் மனநல மருத்துவர்களும் வேலைக்கு நடுவில் எப்படி யோசிக்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்துப் புத்தகம் எழுதினார். வேலை நடக்கும்போதே யோசிப்பது, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது என்று அவர் இரண்டாகப் பிரித்ததை நம் பிள்ளைகள் பரீட்சைக்கு நெட்டுருப் போடுகிறார்கள்.

அவளும் 'நோக்கங்கள் நிறைவேறின' என்று எழுதினாள். பேனாவை மூடினாள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் பையனின் கேள்வியை அவன் கேட்டபடியே எழுதினாள். அதற்குக் கீழே: 'ஏன் உட்காரச் சொன்னேன்? எனக்குத் தெரியாததாலா, நேரம் இல்லாததாலா?' சற்று நேரம் பார்த்துவிட்டு 'நேரம்' என்ற சொல்லை அடித்தாள். டிபன் பாக்ஸைத் திறக்க மறந்துவிட்டாள்.

மதியம் ஆறாம் பிரியடு, 'பி' பிரிவு. அதே பாடம். சார்ட்டைச் சுருட்டியபடியே மேஜையில் வைத்தாள்.

"உங்க வீட்டு மொட்டை மாடியில பெய்யுத மழை எங்க போவும்?"

வாறுகாலுக்கு என்றார்கள். வாறுகால் எங்கே போகும்? பாளையங்கால்வாய்க்கு என்றான் ஒருவன். அது எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிறது என்றாள் ஒருத்தி. பாடம் எடுத்தவள் கரும்பலகையில் கோடு இழுக்கத் தொடங்கினாள். கோடு ஒரு குளத்தில் முட்டி நின்றது. நிறைஞ்சா? "மறுகால் போவும் டீச்சர்." எந்தப் பக்கம் போகும் என்பதில் இருவருக்குச் சண்டை. வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் முங்கிப்போனார் என்றான் ஒருவன். இல்லலே, உற்சவரை முன்னாடியே மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க என்றான் இன்னொருவன். வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று.

அவள் நடுவில் நின்றாள். தான் வரைந்ததைப் பார்த்தாள். பாதியை டஸ்டரால் அழித்தாள். சண்டை போட்ட இருவரிடமும் சாக்பீஸைக் கொடுத்தாள். அந்த ஒரு கணத்தில் அவள் முகத்தில் இருந்தது தைரியம் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாத முகம்தான். ஆனால் காலையில் மணியடிக்கும்வரை தள்ளிப்போட்டதை இப்போது தள்ளிப்போடவில்லை.

சார்ட்டில் இருந்த சொற்களில் நாலுதான் முடிந்தன. நீர் உட்கசிவு வரவேயில்லை. லெசன் பிளான்படி பார்த்தால் காலை வகுப்புதான் நல்ல வகுப்பு.

மாலையில் ரெக்கார்டு கையெழுத்துக்கு வந்தது. இம்முறை பென்சில் இல்லை, பேனாவிலேயே எழுதியிருந்தாள்: 'நேரத்துக்குள் முடிக்கவில்லை. மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று எனக்கும் தெரியவில்லை. விசாரித்து வர வேண்டும்.'

கைடு டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"இத இப்பிடியே எழுதினா காலேஜுல மார்க் குறைப்பாங்களே ம்மா."

"குறைக்கட்டும் டீச்சர். நாளைக்கு 'சி' எடுக்கணும்லா. இதப் பாத்துதான் எடுக்கணும்."

டீச்சர் கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். எழுந்துபோகிறவளைக் கூப்பிட்டார்.

"சார்ட்டயும் கொண்டு போ. குளத்த அதுல பசங்களயே வரையச் சொல்லு. ஆனா நீர் உட்கசிவ விட்டுராத, பரீட்சைல அதத்தான் கேப்பான்."