பின்வாசல் ஆணி

வீட்டின் உள்ளமைப்பைத் திருத்த வருபவர் முதலில் கையிலெடுப்பது அளவு நாடா. சுவரை அளந்துவிடலாம், அச்சுவருக்குள் வாழ்வோரின் தேவையை அளப்பது எளிதன்று. அதிலும், கெடா மாநிலத் தோட்டப்புறங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்த நம் முதியோரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், "எப்படிச் செஞ்சாலும் சரிதான்" என்பதே பெரும்பாலும் விடை. அதனை அடக்கம் என்று கொள்வோர் உளர். நெடுநாட் பழக்கம் என்பதே பொருந்தும்.

பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் லயங்கள் எழுந்த காலத்தில், குடியேறப் போகிறவரைக் கேட்கும் வழக்கம் இல்லை. ஒரே அளவு, ஒரே வரிசை. 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்த அளவுத் தரத்தை வகுத்தன. நல்லதே. ஆயினும் அடுப்பு எப்பக்கம் இருக்கவேண்டும் என்று சட்டம் எந்தத் தாயையும் கேளாது. மக்கள் தாமே தகரமும் பலகையும் கொண்டு பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டனர். கேட்கத் தெரிந்தவருக்கு அச்சாய்ப்பே விடை.

சுங்கை பட்டாணித் தச்சர் ஒருவர், தாமான் வீடு வாங்கிய இளைஞனுக்குச் சமையலறை அலமாரிகள் செய்து கொடுத்தார். பணம் மகனுடையது, பேச்சும் மகனோடுதான். மீதிப் பணம் பெறச் சென்றபோது, பளபளக்கும் அலமாரியின் பக்கப் பலகையில் நீண்ட ஆணியொன்று அறைந்திருக்கக் கண்டார். அதில் ஒரு பழைய சட்டை தொங்கியது. மகன் நாணித் தாயைக் கடிந்தான். தச்சருக்கும் சினந்தான், தம் வேலைப்பாட்டில் விழுந்த காயம் எவருக்கும் வலிக்கும்.

ஆயினும் அவர் ஆணியைப் பிடுங்கவில்லை. "இது எதுக்கும்மா?" என்றார்.

"ஒன்னுமில்ல தம்பி, பால்வாடை."

"காலையில எழுந்ததிலிருந்து என்ன செய்வீங்க, சொல்லுங்க."

அன்னை தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்னும் சிறுதோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டுகிறார். திரும்பி வருகையில் சட்டையில் பால் உறைந்து நாறும். அந்த வாடையோடு சாமி மேடையைக் கடக்க மனம் ஒப்பாது. லயத்துச் சாய்ப்பில் ஓர் ஆணி இருந்தது. சட்டையை அங்கே களைந்து மாட்டிவிட்டு, குளித்தபின்பே உள்ளே வருவார். புதிய வீட்டின் கல் சுவரில் ஆணி இறங்கவில்லை. அலமாரிப் பலகையில் இறங்கியது.

மறுநாள் தச்சர் பின்வாசலுக்கு வெளியே, கூரை நிழலில், நான்கு மர முளைகளும் காலணி வைக்க ஒரு பலகையும் பொருத்தினார். கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பியவரை அன்னை நிறுத்தினார்.

"தம்பி, அந்தச் சாமி மேடையையும் கொஞ்சம் கிழக்கே திருப்ப முடியுமா?"

"முடியும்மா" என்றார் தச்சர். மகன்தான் வியப்போடு தாயை நோக்கி நின்றான்.