ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்



சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறன்று நான் நம் ஆலயத்தில் இல்லை. ஹைதராபாத்தில் மாரத்தான் ஓடச் சென்றிருந்தேன் என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். திரும்பி வந்தபின் விசாரித்தவர்களிடம் "முடித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லி, பிள்ளைகளிடம் பதக்கத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்று நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் அறிவீர்கள். மற்றப் பாதியைச் சொல்லக் கடன்பட்டிருக்கிறேன்.

நான் ஓடத் தொடங்கியது பக்தியினால் அல்ல, சர்க்கரையினால். நாற்பத்தொன்பதாம் வயதில் மருத்துவர் நடக்கச் சொன்னார். நடை மெல்ல ஓட்டமாயிற்று. நம் மணலியில் ஓடுவதென்றால் விடியுமுன் நான்கு மணிக்கே இறங்கவேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசையாய் நிற்க, ஓட்டுநர்கள் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் நம் சபைச் சகோதரர் சிலர், கால்சட்டையோடு ஓடும் ஆயரைப் பார்த்து வணக்கம் சொல்வதா, பாராததுபோல் போவதா என்று தடுமாறுவார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். ஊர் முழுவதும் சமதரை. மேடு வேண்டுமானால் மாதவரம் வழியாக மூலக்கடை மேம்பாலத்துக்குத்தான் போகவேண்டும். அதன்மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஹைதராபாத்துக்கு ஆயத்தப்பட்டேன்.

தென்னாட்டின் ஐந்து மாநிலங்களிலும் ஒவ்வொரு முழு மாரத்தான் ஓடவேண்டும் என்பது என் எண்ணம். சென்னை, கொச்சி, பெங்களூர் முடிந்திருந்தன. தெலங்கானா நான்காவது. விசாகப்பட்டினத்தில் ஓடிவிட்டால் ஆந்திராவும் நிறைவேறும். ஒரு முழு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். ஐந்து முறை அதை ஓடிய ஆயர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. நம் நாட்டில் மாரத்தான்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடத்தப்படுகின்றன. சாலைகளை மூட அந்த நாளே வசதி.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின், நம் மூத்த சகோதரர் ஒருவர் தாழ்வாரத்தில் என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, எரிக் லிடெல் கதையை ஓய்வுநாள் பாடசாலையில் நீங்கள்தானே பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள்? அவர் ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்றார். நீங்கள் ஓடுகிறீர்கள். என் பேரன் கேட்கிறான், நான் என்ன சொல்லட்டும்?"

லிடெல் சீனாவில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டம் அவருக்கே உரியது என்று பலரும் எதிர்பார்த்திருந்தனர். தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓட மறுத்தார். பதிலுக்கு 400 மீட்டர் ஓடி, 47.6 வினாடிகளில் தங்கம் வென்றார். பிறகு சீனாவுக்கு ஊழியத்துக்குப் போய், 1945 பிப்ரவரியில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் மரித்தார். இவ்வளவையும் நான் சொல்லிக்கொடுத்தது உண்மை.

அன்று அண்ணனுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அந்த முகாமில் இளைஞர்கள் ஞாயிறு விளையாட்டில் சண்டையிட்டுக்கொண்டபோது, அதே லிடெல் ஞாயிறன்றே நடுவராக நின்று விளையாட்டை நடத்திக்கொடுத்தார் என்று அவரோடு அங்கு அடைபட்டிருந்தவர்கள் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஓய்வுநாள் மனுஷனுக்காக அல்லவா என்றேன். இறையியல் கல்லூரியில் கற்றது இப்படிப்பட்ட வேளைகளில் கைகொடுக்கும். அண்ணன் தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் லிடெல் பிறருக்காகத் தம் ஒழுங்கை விட்டார். நான் யாருக்காக விடுகிறேன் என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹைதராபாத்தில் ஓட்டம் விடியுமுன் உசேன் சாகர் ஏரிக்கரையில் தொடங்குகிறது. இருட்டும் ஏரிக்காற்றுமாய் முதல் மணி நேரம் இன்பமாகவே கழிந்தது. பிறகு பஞ்சகுட்டா மேம்பாலம். அதன்பின் பஞ்சாரா ஹில்ஸ், ஜூப்ளி ஹில்ஸ். பெயரிலேயே மலை இருப்பதை நான் கவனித்திருக்கவேண்டும். தக்காணப் பாறையின்மேல் எழும்பிய நகரம் அது; சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இறக்கம் இளைப்பாறுதல் என்று நினைப்பது சமதரைக்காரனின் அறியாமை. இறங்குகையில்தான் தொடைத் தசைகள் கிழிபடுகின்றன. மூலக்கடை மேம்பாலம் இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தரவில்லை.

எட்டு மணிக்குமேல் வெயில் ஏறிற்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் வளர்ந்தவனுக்கு ஹைதராபாத் வெயில் எம்மாத்திரம் என்று எண்ணியிருந்தேன். மழைக்கால ஈரம் காற்றில் நின்றதால் வேர்வை உலரவில்லை; வேர்வை உலர்ந்தால்தானே உடல் குளிரும். தொண்டர்கள் உப்பும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். ஒரு சிறுமி குவளைத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டுச் சிரித்தாள்.

முப்பத்திரண்டாவது கிலோமீட்டரை ஒட்டி, கச்சிபௌலிப் பக்கம் ஓர் ஏற்றத்தில், ஓட்டம் நின்று நடையாயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பது. நம் ஆலயத்தில் மணி அடித்து, ஆரம்பப் பாடலுக்கு நீங்கள் எழுந்து நிற்கும் நேரம்.

அந்த நேரத்தில் எனக்கு ஏக்கம் வந்திருக்கவேண்டும். குற்ற உணர்வாவது வந்திருக்கவேண்டும். வந்தது நிம்மதி. கால்கள் இரண்டும் எரிய, உப்புப் படிந்த முகத்தோடு அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்த நான், அங்கே நில்லாததற்காக உள்ளுக்குள் மகிழ்ந்தேன். அன்று அடைந்த திடுக்கிடலைப்போல் ஊழியத்தில் நான் அடைந்ததில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெயோடு கலந்து வீடுகளுக்குள் வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சுவர்களில் படிந்த கறுப்புக் கோடு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதைத் தொடர்ந்த மாதங்களில் எத்தனை அடக்க ஆராதனைகள், எத்தனை மருத்துவமனை வாசல்கள்! ஒவ்வொரு ஞாயிறும் ஆறுதல் சொன்னேன். சொல்லச் சொல்ல என்னிடம் இருந்தது தீர்ந்துகொண்டே வந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மாரத்தான்களுக்குப் பெயர் கொடுத்தேன். கொச்சிக்கும் பெங்களூருக்கும் நான் போனது ஓடுவதற்காக என்று நம்பியிருந்தேன்.

எலியா இரண்டு முறை ஓடினதாக இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் வாசிக்கிறோம். பதினெட்டாம் அதிகாரத்தின் முடிவில், கர்த்தருடைய கை அவன்மேல் இருக்க, ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல் மட்டும் ஓடுகிறான். அடுத்த அதிகாரத்திலேயே உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடியின்கீழ் விழுந்து, சாவைக் கேட்கிறான். இரண்டும் அதே கால்கள்தாம். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஓடுகிறவனுக்கும் முப்பத்திரண்டு கிலோமீட்டர் வரை தெரியாமல் போகலாம் போலும். நான் பலமுறை பிரசங்கித்த பகுதி அது. தூதன் எலியாவைக் கடிந்துகொள்ளவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்கவிட்டான் என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். எனக்கு அது வேண்டியிருக்கும் என்று எண்ணிப்பார்த்ததில்லை.

மீதிப் பத்துக் கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் கடந்து, கச்சிபௌலி மைதானத்துக்குள் நுழைந்தபோது ஐந்து மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். கையடக்கமாய்ப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன்.

மறுவாரம் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும், அண்ணனை அதே தாழ்வாரத்தில் நிறுத்தினேன். நான் இல்லாத ஞாயிறன்று வரவேண்டிய பிரசங்கியார் காய்ச்சலில் வரமுடியாமற்போக, அவரே வேதபாடம் வாசித்து, தமக்குத் தெரிந்த நாலு வார்த்தை பேசி ஆராதனையை முடித்தாராம். அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் பேசினேன். லிடெலைப் பற்றி அன்று சொன்னது பதில் அல்ல, மறைவிடம் என்றேன். ஒன்பது மணிக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னேன். ஓர் ஆயர் தம் சபையாரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது என்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

அவர் வெகுநேரம் வாசல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஆலையில் ஷிப்ட் பார்த்தவர் அவர்.

"எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஆஃப் இருந்தது, ஐயா" என்றார். "உங்களுக்கு எந்த நாள் என்று நாங்கள் கேட்டதே இல்லையே."

சபைக் கமிட்டி அதற்குப்பின் கூடிப் பேசியது. திங்கட்கிழமைகளில் அவசரமானால் ஒழிய என்னை அழைப்பதில்லை என்றும், மாதத்தில் ஒரு ஞாயிறு நான் பீடத்தில் ஏறாமல் உங்களோடு பெஞ்சில் உட்காருவது என்றும் முடிவாயிற்று. உட்கார்ந்து பார்த்தபோதுதான், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் ஒலிபெருக்கி சரியாய்க் கேட்பதில்லை என்று தெரிந்தது. பல வருஷங்களாய் நீங்கள் அதைச் சொல்லாமலேயே பொறுத்திருக்கிறீர்கள்.

விசாகப்பட்டினத்துக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. அண்ணன் போன வாரம் கைகுலுக்கும்போது மெல்லக் கேட்டார்: "அங்கேயும் மேடு உண்டா, ஐயா?"

உண்டு என்றேன். "அப்படியானால் தேதி வந்ததும் சொல்லுங்கள். அந்த ஞாயிறு வேதபாடத்தை என் பேரன் வாசிக்கட்டும்" என்றார்.