சொல்லத் தயங்கிய சொல்

மொழியியலில் முதுகலை முடித்துப் பன்னாட்டு உறவுகள் ஆய்வுக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "அரசுகள் ஓயாமல் மீறும் ஒன்றை நெறி என்று எப்படி அழைக்கிறீர்கள்?" ஃபின்னிமோரும் சிக்கிங்கும் 1998இல் எழுதிய கட்டுரையைச் சொல்லிச் சமாளித்தேன். ஒரு நெறியைச் சிலர் முன்மொழிகின்றனர். போதிய அரசுகள் ஏற்றதும் அது விரைந்து பரவுகிறது. பின்னர் எவரும் கேள்வி கேட்காத வழக்கமாகப் படிகிறது. அவர் நிறைவடையவில்லை, நானும்தான்.

விடை தேடி ஒரு சொல்லின் வரலாற்றுக்குள் சென்றேன். போலந்து யூதச் சட்டவியலாளர் ரஃபேல் லெம்கின், மனிதக் குழுக்களை அழிப்பதைப் பன்னாட்டுக் குற்றமாக்க வேண்டுமென 1933இல் முன்மொழிந்தார், எடுபடவில்லை. 1944இல் கிரேக்க 'ஜெனோஸ்', இலத்தீன் 'சைட்' இரண்டையும் இணைத்து 'ஜெனோசைட்' என்ற சொல்லை ஆக்கினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அக்குற்றத்தைத் தடுக்கவும் தண்டிக்கவும் அரசுகளைக் கடமைப்படுத்தும் உடன்படிக்கையை ஏற்றது. பிறப்பைத் தடுப்பதும் குழந்தைகளை வலிந்து வேறு குழுவுக்கு மாற்றுவதும்கூட அதன் வரையறைக்குள் அடங்கும். ஆகவே 'இனப்படுகொலை' என்பதைவிட 'இனவழிப்பு' என்பதே பொருத்தமென்று கருதுகிறேன்.

1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாள்களில் லட்சக்கணக்கான துட்சிகள் கொல்லப்பட்டனர். அமெரிக்க வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளரோ 'இனவழிப்பு' என்னாமல் 'இனவழிப்புச் செயல்கள்' என்றே சொல்லிவந்தார். எத்தனை செயல்கள் சேர்ந்தால் இனவழிப்பாகும் என்று ஒரு செய்தியாளர் கேட்டபோது விடையில்லை. அச்சொல்லைப் பயன்படுத்தினால் ஏதேனும் செய்தாக வேண்டியிருக்கும் என அவ்வாண்டு மே மாதத்து பென்டகன் குறிப்பொன்று எச்சரித்திருந்தது பின்னர் வெளியானது.

இதைப் படித்தபோது விடை கிடைத்ததாக மகிழ்ந்தேன். நெறியே இல்லையென்றால் ஒரு பெயர்ச்சொல்லை அடைமொழியாக்கித் தப்ப வேண்டிய தேவை ஏது? மீறுபவரின் சொற்றயக்கமே நெறி இருப்பதற்குச் சான்று என்று எழுதினேன்.

அடுத்த ஆவணம் அந்த மகிழ்ச்சியைக் கலைத்தது. 2004 செப்டம்பரில், தார்ஃபூரில் நடப்பது இனவழிப்பே என்று வெளியுறவுச் செயலர் காலின் பவல் செனட் குழுவின் முன் அறிவித்தார். அத்தீர்மானத்தால் புதிய நடவடிக்கை எதுவும் கட்டாயமாகாது என்பதையும் சேர்த்தே சொன்னார். பத்தே ஆண்டுகளில் தயக்கம் நீங்கிவிட்டது. அதனுடன் சொல்லின் பிணிப்பும் தளர்ந்துவிட்டது.

நெறி அத்துடன் இறந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியது என்றே இப்போது நினைக்கிறேன். பேராபத்து உண்டென ஓர் அரசு அறிந்த கணமே தடுக்கும் கடமை எழுகிறது என்று 2007இல் பன்னாட்டு நீதிமன்றம் ஸ்ரெப்ரெனிட்சா தொடர்பான தீர்ப்பில் கூறியது. பெயரிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2019இல் ரோஹிங்கியாக்களுக்காக மியான்மர்மீது வழக்குத் தொடுத்தது தொலைவிலுள்ள சிறுநாடான காம்பியா.

அந்தப் பேராசிரியரிடம் இன்று இதைச் சொல்ல இயலும். ஆனாலும் ருவாண்டா அத்தியாயத்தைத் திருத்தும்போதெல்லாம் கை தயங்குகிறது. என் கருதுகோளுக்குச் சான்றாக அமைந்த அந்தத் தயக்கத்தின் ஒவ்வொரு நாளும் அங்கே மனிதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நெறி உயிரோடிருந்தது என்று எழுதும் வரியை அவர்களுக்கு முன்னால் எப்படி வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.